கழுவாமல் வைத்த இரண்டு கண்ணாடித் தட்டுகள்

எங்கள் வீட்டுக்காரர் வைரவன் கழுவின கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காது. மேலே ஊற்றினால் ஒரே சீலையாக வழிந்து இறங்கும். அப்படி இறங்கினால்தான் சுத்தம். எங்கேயாவது ஒரு துளி உருண்டு நின்றால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். வீட்டில் நான் கழுவி வைத்த டம்ளரையும் இப்படித்தான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"என்ன, பெண்டாட்டிக்குப் பரீட்சையா?" என்பேன்.

"டம்ளர் பாஸ், தங்கம். உன் ரிசல்ட் அடுத்த வருசம்" என்பார்.

அவர் போய் ஐந்து வருசமாகிறது. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சுவலி. அவர் இருந்தவரை அவர் பேரை என் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். அவர் யார், என்ன செய்தார் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். பெரிய மனிதர் இல்லை. கண்ணாடி கழுவினவர். நான் இன்று உட்கார்ந்து எழுதுவது அவர் ஒரு தடவை என் நேர்ச்சையைத் தள்ளிப்போட வைத்ததைச் சொல்லத்தான்.

எங்களுக்குச் சாத்தான்குளம் பக்கம். அவருடைய அண்ணன் அய்யாதுரை அத்தான் தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பதினெட்டு வயதில் அந்தக் கடைக்கு வந்த இவர் பன்னிரண்டு வருசம் வைக்கோல் பிரித்துப் பாத்திரம் துடைத்தார். ஒரு குடத்தைத் துடைக்க அரை மணி எடுத்துக்கொள்வார். "ஏலே, குடத்தைத் துடைக்கியா, குளிப்பாட்டுதியா? வாங்க வந்தவ வீட்டுக்கே போயிட்டா" என்று அத்தான் கத்துவார். அறுபத்தேழில் ஒரு நாள் மூடி போட்ட எவர்சில்வர் தட்டு வாங்க ஒரு அம்மா வந்தார். தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் துடைச்சது யாரு?" என்று கேட்டார். அவர்தான் டாக்டர் ஜெயபாரதி. அடுத்த மாதம் முதல் தேதி இவர் டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டர்.

அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய பங்களா. ஏதோ ஒரு ட்ரஸ்ட் நடத்தியது. மூன்று அறை, பின்னால் ஒரு மாமரம். இப்போது அந்த இடத்தில் அடுக்கு வீடு வந்துவிட்டது. போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், மாமரமும் இல்லை. நாங்கள் மந்தைவெளியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் ரசம் சாதமும் அப்பளமும் தூக்கில் போட்டுக் கொடுத்தால் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவார். அந்த நாளில் பாலத்தின் மேல் காற்று அப்படி அடிக்கும். "இன்னைக்குக் காத்து என்னைத் தள்ளிட்டே போச்சு, நான் மிதிக்கவே இல்ல" என்று சாயங்காலம் வந்து பெருமை பேசுவார். திரும்பி வரும்போது அதே காற்று எதிர்க்காற்றாக இருந்ததைச் சொல்ல மாட்டார்.

அந்த இடத்தில் என்ன வேலை என்று முதலில் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. புற்றுநோய் செல்லைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வளர்க்கிறார்கள் என்றார்.

"நோயையா வளக்கிறாங்க?"

"வளத்தாத்தான அது எதுக்குச் சாகும்னு பாக்க முடியும்?"

யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாவின் கட்டியிலிருந்து எடுத்ததாம். அந்த அம்மா செத்து இருபது வருசம் ஆகியும் செல்கள் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு ஒரு சிவப்புத் தண்ணீர் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தால் தண்ணீர் மஞ்சளாகிவிடும். உடனே மாற்ற வேண்டும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க ஒரு பெட்டி, இன்குபேட்டர் என்பார்கள். தினமும் அந்தப் பெட்டியைத் திறக்கும் முன் இவர் கை கூப்புவார். அது சாமிக்கு இல்லை, அந்த அம்மாவுக்கு. "பேரு தெரியாத புண்ணியவதி. செத்தும் வேலை செய்யுது" என்பார்.

இவர் வேலை, தட்டு, பாட்டில், குழாய் எல்லாவற்றையும் ஆசிட்டில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் பத்து முறை, வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசி, பழுப்புக் காகிதத்தில் சுற்றிச் சூடுபடுத்தி வைப்பது. ஒரு மூச்சு பட்டால் போதும், இரண்டு நாளில் பாட்டிலில் பூஞ்சை கட்டிவிடும். அத்தனையும் கொட்ட வேண்டியதுதான். அதற்கு டாக்டரம்மா இங்கிலீஷில் ஒரு பேர் சொல்வார். இவரும் டெக்னீஷியன் வேம்புவும் அதைத் தீட்டு என்பார்கள். வேம்பு மயிலாப்பூர்க்காரர், கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு, நிறையப் பேசுவார், நல்ல மனிதர். "எங்காத்துல மடி மடின்னு குதிக்கறாளே, அவாளைக் கொண்டுவந்து உம்ம பக்கத்துல நிறுத்தணும் ஓய். உம்ம மடிதான் மடி" என்பாராம். இவர் கழுவின தட்டில் தீட்டு வந்ததே இல்லை.

எழுபத்திரண்டு ஆயுதபூஜைக்கு வருகிறேன்.

டாக்டரம்மாவின் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கும்பகோணம் போயிருந்தார். போகும் முன் ஒரு சோதனையை வேம்புவிடம் ஒப்படைத்திருந்தார். செல் வளர்ந்திருக்கிற பாட்டில்களில் புற்றுநோய் மருந்தை விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மருந்தைக் கொட்டிக் கழுவி, செல்களை எண்ணி, கண்ணாடித் தட்டுகளில் உடனே விதைத்துவிட வேண்டும். விதைக்கிறது என்றுதான் சொல்வார்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. இரண்டு வாரம் போனால் உயிர் தப்பின ஒவ்வொரு செல்லும் பெருகி ஒரு புள்ளியாக நிற்கும். ஊதாச் சாயம் ஊற்றினால் கண்ணுக்குத் தெரியும். எத்தனை புள்ளியோ, அத்தனை செல் மருந்துக்குத் தப்பியது என்று அர்த்தம்.

விதைக்க பைப்பெட் வேண்டும். அது உறிஞ்சி எடுக்கிற கண்ணாடிக் குழாய். செம்பு டப்பாக்களில் அடைத்துச் சூடுபடுத்தி இவர் வைத்திருப்பார். "இன்னிக்கு ஒரு டப்பா போறும்" என்று வேம்பு சொன்னதால் ஒன்றை எடுத்து வெளியில் வைத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் பூஜையில் வைத்தார். மைக்ராஸ்கோப், தராசு, கத்தரிக்கோல், தன் பாட்டில் பிரஷ்கள், சோதனை எழுதுகிற நோட்டுப் புத்தகம், எல்லாம். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. இன்குபேட்டர் கதவில் அந்த அம்மாவுக்கு ஒரு சாமந்தி. ராகுகாலத்துக்கு முன்னால் சூடம் காட்டியாகிவிட்டது.

கடையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. அவசரம் என்று யார் வந்து பாத்திரம் கேட்டாலும் அய்யாதுரை அத்தான் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார், தராசைத் தொட மாட்டார்.

பாதி பாட்டில் விதைத்து முடித்த வேம்பு, விதைக்கிற சின்ன அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"வைரவா, இன்னொரு டப்பா வேணுமே. ரெண்டு குழாய் என் சட்டைல பட்டுடுத்து. ஒண்ணு உடைஞ்சே போச்சு."

"சாமி, எல்லாம் பூஜையில இருக்கு. சூடம் காட்டியாச்சு."

வேம்பு வந்து குங்குமம் வைத்த டப்பாக்களைப் பார்த்தார். கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். "எடுக்கலாமோ?"

"நீங்கதான் சொல்லணும்."

"நான் எப்படி ஓய் சொல்றது? எங்காத்துல இன்னிக்கு ஒரு புஸ்தகத்தைப் பிரிச்சாலே கையை ஒடிச்சுடுவா."

கடைசியில், மருந்து கழுவின மீதிப் பாட்டில்களில் சாப்பாடு இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீரை விட்டு, இன்குபேட்டரிலேயே வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமிக்குப் பூஜை எடுத்ததும் விதைப்பது என்று முடிவு செய்தார்கள். "அதுகளும் ஒரு நாள் லீவு எடுத்துக்கட்டும்" என்றாராம் வேம்பு. நோட்டில் எழுதவில்லை. நோட்டும் பூஜையில் இருந்தது.

பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாமி காரியத்தை முறைப்படி செய்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தட்டுகளுக்குச் சாயம் ஊற்றினார்கள். டாக்டரம்மா திரும்பி வந்திருந்தார். பூஜையன்றே விதைத்த தட்டுகளில் ஆறு புள்ளி, ஏழு புள்ளி, எட்டு. மறுநாள் விதைத்த தட்டுகளில் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார்.

"வேம்பு, இந்த வரிசைக்கு மருந்து விட மறந்துட்டீங்களா?"

வேம்பு கதவருகே நின்ற இவரைப் பார்த்து, வாயைத் திறக்காதேயும் என்று கண்ணைக் காட்டினார். இவருக்குப் பொய் வராது. "அம்மா, மருந்து விட்டுச்சு. விதைக்கிறதுதான் ஒரு நாள் தள்ளிப் போச்சு" என்று பூஜை, டப்பா, சட்டை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தாராம். மறுபடி அண்ணன் கடைக் குடம்தான்.

டாக்டரம்மா திட்டவில்லை. வெகு நேரம் அந்த இரண்டு வரிசையையும் பார்த்தார். பிறகு, "இதையே திருப்பிச் செய்வோம். இந்தத் தடவை பூஜை இல்லாம" என்றார். உடனே விதைத்தது, இரண்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் இருந்தது, ஆறு மணி நேரம் இருந்தது, ஒரு நாள் இருந்தது என்று மூன்று தடவை செய்தார்கள். மூன்று தடவையும், சும்மா இருந்த நேரம் ஏற ஏறப் புள்ளியும் ஏறியது. வெளிநாட்டில் இதை முன்னமே பார்த்து எழுதியிருக்கிறார்களாம். "நாம புதுசா எதுவும் கண்டுபிடிக்கல வைரவன். ஆனா படிச்சதை விட இப்போ எனக்கு நல்லாப் புரியுது" என்றாராம் டாக்டரம்மா.

அன்று சாயங்காலம் நான் ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த நூலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"செல்லுக்குள்ள இது மாதிரி ஒரு நூலு இருக்கு. டி.என்.ஏ.ன்னு பேரு. செல்லு எப்படி இருக்கணும், என்ன செய்யணும்னு எல்லாம் அதுலதான் இருக்கு. மருந்து போய் அந்த நூலை அங்கங்க கெடுக்கும். நூலு கெட்டுக் கிடக்கையில செல்லு ரெண்டாப் பிரியப் போச்சுன்னா செத்துரும். ஆனா அதுகிட்டயே ஊசி இருக்கு தங்கம். பிரியாம சும்மா உக்கார நேரம் கிடைச்சா, கிழிஞ்ச இடத்தைத் தச்சிக்கும். நாங்க பூஜைன்னு ஒரு நாள் விட்டோம்லா? தச்சிக்கிடுச்சு."

"நம்ம நல்ல செல்லும் இப்படித் தச்சிக்குமா?"

"தச்சிக்கிறதாலதான நாம இருக்கோம்."

அந்த முதல் சோதனைத் தட்டுகளில் இரண்டை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்று உடனே விதைத்தது, ஒன்று லீவு எடுத்தது. அவர் கையில் கழுவப்படாமல் தப்பினது அந்த இரண்டு தட்டுதான். அதற்குப் பிறகு எல்லா வருசமும் ஆயுதபூஜை செய்தார். ஆனால் இரண்டு டப்பா பைப்பெட்டைப் பூஜைக்கு வெளியே வைத்துவிடுவார். "என்ன ஓய், சாமியையே நம்பாம ரிசர்வ் வெச்சுட்டீர்?" என்று வேம்பு சீண்டுவார். "சாமி கேட்டா குடுத்திருவேன், சாமி" என்பாராம் இவர்.

அடுத்த வருசம் வைகாசியில் என் கழுத்தில் வலது பக்கம் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு, வலியில்லை. தைலம் தேய்த்தேன். எலுமிச்சை அளவானதும்தான் அவரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தவர் முகம் எப்படிப் போயிற்று என்று இப்போதும் கண்ணில் நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். நெறிக்கட்டியில் வருகிற புற்றுநோய், மருந்துக்குக் கேட்கிற வகை என்றார்கள். மாதம் ஒரு சுற்று. ஒரு சுற்றில் எட்டு நாள் விட்டு இரண்டு ஊசி, கூடவே மாத்திரை, பிறகு இரண்டு வாரம் ஓய்வு. ஆறு சுற்று. ஒன்றையும் விடக்கூடாது.

அந்த ஊசியைப் பற்றி என்ன எழுதுவது? மருந்து ஏறும்போதே தொண்டையில் இரும்பு வாசனை வரும். பிறகு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. சோறு கொதிக்கிற வாசனை பட்டாலே ஓடுவேன். இரண்டாம் சுற்றில் சீப்போடு முடி வந்தது. அடுத்த தடவை முக்காடு போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஒரு ஆயா இருந்தாள், வாய் ஓயாது, ஆனால் வாந்திக்குத் தட்டு பிடிக்க முகம் சுளிக்க மாட்டாள். "இன்னாமா, மூஞ்ச மூடிக்கினு வர்ற? முடிதானே பூட்ச்சு, மூக்கா பூட்ச்சு? எடு துணிய" என்று இழுத்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

முதல் சுற்று தொடங்கின அன்றே முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். கட்டி கரைந்தால் வருகிற கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூர் கடற்கரையில் பட்டினி கிடக்கிறேன் என்று. மூன்றாம் சுற்று முடிந்து ஆஸ்பத்திரி டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கட்டி இல்லை. நானும் தடவினேன். இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

நாலாம் சுற்றின் முதல் ஊசி சஷ்டியின் இரண்டாம் நாளில் வந்தது.

அய்யாதுரை அத்தானிடம் சொன்னேன். அவருக்கு யோசனையே இல்லை. "சாமி செஞ்சுட்டாரு, நீ செய்யணும். பத்து நாள் கழிச்சு ஊசி போட்டா ஊசி கோவிச்சுக்குமா?" என்று எழும்பூரில் போய் மூன்று டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் எதற்கு மறைப்பது. எனக்கு நேர்ச்சை பாதி, ஊசிப் பயம் பாதி. அந்த மாதம் ஊசி இல்லை என்று நினைத்ததும் மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சாதம் ருசித்தது.

இவரிடமும் சொன்னேன். செம்பு டப்பாவைப் பூஜையிலிருந்து எடுக்க மனசு வராத மனுசன், நேர்ச்சைக்கு எதிராக எப்படிப் பேசுவார்? இரண்டு நாள் சாப்பிட்டதும் தெரியவில்லை, தூங்கினதும் தெரியவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் ஜெயபாரதியிடம் போய் நின்றிருக்கிறார். தட்டில் நடந்ததுதான் தங்கம் உடம்பிலும் நடக்குமா என்று கேட்டிருக்கிறார்.

டாக்டரம்மா சொன்னதை இவர் வார்த்தை பிசகாமல் பலமுறை எனக்குச் சொன்னதால் எனக்கும் மனப்பாடம். "தட்டு வேற, உடம்பு வேற வைரவன். தட்டை வச்சு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஒண்ணு. அந்த மருந்து உங்க மனைவியோட நல்ல ரத்தத்தையும்தான் அடிக்குது. அது தேறி வர எத்தனை நாள் வேணுமோ, அத்தனை நாள் ஓய்வு விட்டுத்தான் தேதி குடுத்திருக்காங்க. அதுக்கு மேல ஒரு நாள் விட்டா, அந்த நாள் அதுக்கா, நோய்க்கா, யாருக்குப் போய்ச் சேரும்னு என்னால சொல்ல முடியல."

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். அய்யாதுரை அத்தான் வந்து, ஊருக்கு எடுத்துப் போகிற சாமான் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவர் பையிலிருந்து பேப்பரில் சுற்றின அந்த இரண்டு தட்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எண்ணு தங்கம்."

"என்னலே இது, சொக்கட்டானா?" என்றார் அத்தான்.

எண்ணினேன். ஒன்றில் ஏழு. இன்னொன்றில் நாற்பத்தொன்று. "நீங்கதான் சொல்லியிருக்கீங்களே. இது உடனே விதைச்சது, இது ஒரு நாள் சும்மா இருந்தது."

"உன்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. இதுக்குச் சாயம் ஊத்தறதுக்கு முன்னால, விதைச்ச மூணாம் நாள், நான் ரெண்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். ரெண்டும் காலி. நான் கழுவுன தட்டு. அதுல ஒரு தூசி இருந்தா எனக்குத் தெரியும். எனக்கே ஒண்ணும் தெரியல. ஆனா அன்னைக்கே இதுல நாப்பத்தொண்ணு இருந்திருக்கு. உன் கழுத்தையும் தடவிப் பாத்தேன். காலியாத்தான் இருக்கு."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"அப்ப சாமி கரைச்சது பொய்யா?" என்றார் அத்தான். குரல் ஏறிவிட்டது.

"சாமி கரைக்கலைன்னு நான் எப்பண்ணே சொன்னேன்? கரைச்ச சாமிதான் ஊசித் தேதியையும் குடுத்திருக்காருன்னு வச்சுக்குங்க."

"நேர்ந்ததை மாத்துனா தெய்வ குத்தம்லே."

"குத்தம் எம்மேல வரட்டும். பூஜையில வச்ச டப்பாவ எடுக்கக்கூடாதுன்னு நின்னவன்ணே நான். அன்னைக்கு எனக்குத் தெரியாது, அதுகளுக்கு ஒரு நாளைத் தூக்கிக் குடுத்துட்டேன். இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சு பத்து நாள் குடுக்க மாட்டேன்."

எனக்குத் தெரிந்து அண்ணனிடம் அவர் குரல் உயர்த்தினது அந்த ஒரு தடவைதான். நான் அழுதுவிட்டேன். "எனக்கு நேர்ச்சைகூட இல்லைங்க. எனக்கு அந்த ஊசி வேண்டாம். என்னால முடியல" என்று உள்ளே இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அது தெரியும் ஏட்டி. நீ சாதத்தை ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டப்பவே தெரியும்" என்றார். அதற்கப்புறம் குரல் தணிந்தது. "பட்டினி நான் கிடக்கேன். ஆறு நாளும். நம்ம கபாலி கோயில்ல சிங்காரவேலர் இருக்காரு. அங்க இருக்கிற முருகன்தான் இங்கயும். நீ ஊசியப் போட்டுக்க, நான் தட்டு பிடிக்கேன். அடுத்த வருசம் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போவோம்."

அத்தான் அந்தப் பெரிய எண்ணிக்கைத் தட்டை எடுத்து விளக்கருகே பிடித்து, உதடு அசைய எண்ணினார். முடித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினார். "நாப்பத்தொண்ணுதான்" என்றார். டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "மஞ்சத்துணி இருக்கா? ஒரு காசு முடிஞ்சு சாமிகிட்ட வை. வருவோம்னு சொல்லு. அடுத்த வருசம் டிக்கெட் நான்தான் எடுப்பேன்" என்றார்.

அந்த சஷ்டிக்கு அவர் தண்ணீரும் சாயங்காலம் அரை டம்ளர் பாலும் தவிர ஒன்றும் தொடவில்லை. வேலைக்கும் போனார், அங்கே தட்டும் கழுவினார். என் ஊசியன்று கட்டில் பக்கத்தில் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஆயா இவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா நைனா, ஊசி உனுக்கா உன் வூட்டம்மாவுக்கா? நீ கீற கோலத்தப் பார்த்தா உன்னியத்தான் படுக்க வெக்கணும் போல கீது." வாந்திக்கு நடுவில் நான் சிரித்தேன், இவரும் சிரித்தார், தட்டு ஆடியது.

சூரசம்ஹாரத்தன்று கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். விபூதியை என் நெற்றியில் வைத்தவர், மீதியை என் மொட்டைத் தலை முழுக்கப் பூசிவிட்டார். "இடம் நிறைய இருக்கு, வீணாக்குவானேன்" என்றார்.

ஐந்தாம் சுற்றும் ஆறாம் சுற்றும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் நடந்தன. தைப் பொங்கலுக்குள் முடிந்துவிட்டது. எதனால் நான் பிழைத்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பத்து நாள் தள்ளிப் போட்டிருந்தாலும் பிழைத்திருப்பேனோ என்னவோ. அதை டாக்டரம்மாவே சொல்ல மாட்டேன் என்றார். நான் யார் சொல்ல? முருகனையும் கும்பிடுகிறேன். அந்த இரண்டு தட்டும் அலமாரியில் பேப்பரில் சுற்றியபடி இருக்கின்றன. சாயம் வெளுக்கவில்லை.

மறுவருசம் சஷ்டிக்கு அத்தான் டிக்கெட் எடுத்தார். மூன்று பேரும் திருச்செந்தூர் போனோம். முதல் நாள் கடலில் முழுகிவிட்டு, ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்து பட்டினி தொடங்கினேன். பக்கத்தில் இவர் வந்து உட்கார்ந்தார். இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நாலு இட்டிலி, மேலே மிளகாய்ப் பொடி.

"பட்டினி கிடக்கிறவ முன்னால வச்சுத் தின்ன வெக்கமா இல்லையா?"

"எதுக்கு வெக்கம்? நான் என் பங்கைப் போன வருசமே குடுத்தாச்சு. சந்தேகமா இருந்தா சிங்காரவேலரைக் கேளு."

"நல்லாக் கேட்டான்" என்று அத்தான் அந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நாலு விரற்கடை வளர்ந்திருந்த என் முடியைக் காற்று கலைத்தது. இவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, என் கழுத்தின் வலது பக்கத்தைத் தொட்டுத் தடவினார். தினமும் காலையில் செய்வதுதான். கட்டி இல்லை என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"அடுத்து ஆஸ்பத்திரியில காட்ட வேண்டிய தேதி எப்போ?" என்றார்.

"மார்கழி பத்து."

"அன்னைக்கு வேற எதையும் வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது இட்டிலியை எடுத்தார்.